மறுஆள் ஹன்சுகே

குடாவைச் சுற்றியிருக்கும் ஏழு ஊருக்கும் ஓனோயே பிரபுதான் தலைவர். அவருக்குக் கீழே பதினெட்டுக் குடும்பங்கள், எல்லாம் நேர் ஆட்கள். அந்தப் பதினெட்டில் கடைசிக்கு முந்தினது குசானோ குடும்பம். குசானோவுக்குக் கீழே ஹன்சுகே. அதாவது ஆளுக்கு ஆள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: மறுஆள். சொல்லில் ஒன்றும் இல்லை, சொல்லுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "அவனா, மறுஆளு" என்று ஒருவர் சொன்னால், சோற்றில் அகப்பட்ட கல்லை எடுத்து வெளியே வைக்கிற மாதிரி இருக்கும்.

பிரபு மறுஆளிடம் நேராகப் பேச மாட்டார். மறுஆளும் பிரபுவிடம் நேராகப் பேசக் கூடாது. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்தாலும், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் தெளிவாக விழுந்தாலும், நடுவில் எசமான் ஒருவர் இருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். ஹன்சுகேக்கு அந்த நடு ஆள் குசானோ. நல்ல மனுஷர், பயந்த சுபாவம். மேலே இருந்து வருகிற சொல்லை அப்படியே கீழே இறக்குவார். கீழே இருந்து போகிற சொல்லுக்கு மட்டும் பூவும் பொட்டும் வைத்து அனுப்புவார்.

ஹன்சுகேயின் இருபத்தேழாம் வயதில் ஆற்றங்கரையில் ஒரு சண்டை நடந்தது. அக்கரையில் முதலில் கால் வைத்தவன் அவன்தான். அதற்குக் கைமேல் பலனாகத் தொடையில் ஓர் அம்பு ஏறியது. சண்டை முடிந்து நொண்டிக்கொண்டு வருகிறபோது, குதிரைமேல் இருந்த ஓனோயே பிரபு பார்த்தார்.

"குசானோ, அது யாரு?"

"என் ஆளு, எசமான்."

"வலிக்குதான்னு கேளு."

குசானோ திரும்பினார். "வலிக்குதான்னு எசமான் கேக்கறாரு."

"அம்பு பாய்ஞ்சா வலிக்காம, இனிக்கவா செய்யும்?" என்றான் ஹன்சுகே.

குசானோ மறுபடி பிரபு பக்கம் திரும்பிக் குனிந்தார். "தங்கள் புண்ணியத்துல வலியே இல்லைங்கறான், எசமான்."

மூன்றாம் நாள் மாளிகைக் கூடத்தில், யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வாசித்தார்கள். மதிலுக்கு வெளியே நின்று ஹன்சுகே கேட்டான். 'அக்கரையில் முதலில் இறங்கியவன், குசானோவின் ஆள் ஒருவன்.' அவ்வளவுதான். மறுஆளின் பெயர் பிரபுவின் ஏட்டில் ஏறாது. வீட்டுக்கு வந்து மனைவி ஒசெனிடம் சொன்னான்.

"ஒருவன்னு போட்டிருக்காங்க."

"ஒருத்தின்னு போடாம விட்டாங்களே, சந்தோஷப்படுங்க" என்றாள் ஒசென், காலில் கட்டிய துணியை மாற்றிக்கொண்டே. ஆனால் அன்றைக்கு அவள் கஞ்சி குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம் போயிற்று. மலைச்சரிவில் மூன்று வயல், குசானோ குடும்பம் அவன் அப்பாவுக்குக் கொடுத்தது. நடவு நாளில் சேற்றில் நிற்பான், மாளிகையில் சங்கு ஊதினால் ஈட்டியோடு நிற்பான். ஈட்டிக்கு மாதம் இரண்டு முறை எண்ணெய் போடுவான். சாவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை தன் பெயரை அந்தக் கூடத்தில் யாராவது உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒசெனுக்குத் தெரியும், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போர்த்துக்கீசியரின் கறுப்புக் கப்பல் குடாவை விட்டுப் போனபோது, காய்ச்சலில் கிடந்த ஓர் ஆளைக் கரையில் பைன் மரத்தடியில் போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தார்கள். குடிக்க அவனுக்குக் கை எழவில்லை. ஊரார் தூர நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடற்பாசி பொறுக்கப் போன ஹன்சுகே அவனை முதுகில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"பாசி எடுத்துட்டு வரச் சொன்னா, ஆளை எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் ஒசென். "இதை ஊறவச்சுத் திங்கவா, காயவச்சுத் திங்கவா?"

பார்லிக் கஞ்சியும் மிசோக் கரைசலுமாக ஊற்றி ஊற்றி அவள்தான் பிழைக்க வைத்தாள். பெயர் பஸ்தியான். கப்பலுக்குக் கலப்பத்து அடிக்கிறவன். பலகை இடுக்கில் நாரைத் திணித்துக் கீல் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பதில் கெட்டிக்காரன். குணமானதும் எங்கள் ஊர்ப் படகுகள் ஒவ்வொன்றாக அவன் கைக்குப் போய் வந்தன. முதுகில் சாட்டைத் தழும்பு எலும்பு வரை போயிருந்தது. கப்பல் தலைவனான கப்பித்தான் அடித்தது என்று சொன்னான், அதற்கு மேல் சொல்லவில்லை.

எங்கள் பேச்சை அவன் முழுக்க ஒசெனிடம் கற்றுக்கொண்டான். அதனால் அவன் வாயைத் திறந்தால் அடுப்படியில் கோபமாக நிற்கிற பெண்பிள்ளை பேசுகிற மாதிரியே இருக்கும். அவள் கணவனை 'ஏங்க' என்று கூப்பிடுவாள். அதுதான் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து அவனும் ஹன்சுகேயை 'ஏங்க' என்றே கூப்பிட்டான். திருத்தலாம் என்று ஹன்சுகே பார்த்தான். ஒசென் விடவில்லை.

அறுவடை முடிந்த ஒரு சாயங்காலம், முற்றத்தில் சுட்ட கணவாயும் சாக்கே மதுவுமாக உட்கார்ந்திருந்தார்கள். குசானோ வீட்டு வேலைக்குப் போய்விட்டு வந்த அலுப்பில் ஹன்சுகே கேட்டான். "உங்க ஊர்லயும் பெரியவனுக்குச் சின்னவன் ஆளா இருக்கறதுண்டா?"

"உண்டுங்க. எங்க தாத்தா ஒரு மலைக்கோட்டைப் பிரபுவுக்கு ஆளு. நிலம் கொடுப்பாரு, இவரு ஈட்டி தூக்கணும்."

"அப்ப நம்ம மாதிரிதான்."

"வருஷத்துக்கு நாப்பது நாளு."

ஹன்சுகே கணவாயைக் கீழே வைத்தான். "என்னது?"

"நாப்பது நாளு சண்டை. நாப்பத்தொண்ணாம் நாளு காலைல ஈட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவாரு."

"சண்டை முடியலைன்னா?"

"அது பிரபுவோட பாடு."

"ஏங்க, மூட்டை கட்டுங்க" என்று உள்ளேயிருந்து ஒசென் குரல் கொடுத்தாள். "அந்த ஊருக்கே போயிடலாம்."

ஹன்சுகேக்கு ரோஷம் வந்துவிட்டது. "இங்க நாள் எண்றதெல்லாம் கிடையாது. எசமான் விழுந்தாலும் நாங்க நிப்போம். நாங்க எப்படி வாக்குக் கொடுக்கறோம் தெரியுமா? காக்கா முத்திரை போட்ட கோயில் காகிதம். அதுல எழுதி, விரலைக் கீறி ரத்தம் வச்சு, கொளுத்திச் சாம்பலைத் தண்ணில கரைச்சுக் குடிச்சிடணும். வாக்கு வயித்துக்குள்ள போயிடும். அப்புறம் எடுக்க முடியாது."

பஸ்தியான் மலைத்துப்போனான். உண்மையாகவே மலைத்தான், அது ஹன்சுகேக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அடுத்தாற்போல் அவன் ஒன்று கேட்டான்.

"உங்க எசமானும் குடிப்பாரா?"

"அவர் எதுக்குக் குடிக்கணும்?"

"அப்ப வாக்கு ஒருத்தர் வயித்துல மட்டுந்தானா?"

ஹன்சுகே தன் அப்பா குடித்ததைப் பார்த்திருக்கிறான், தானும் குடித்திருக்கிறான். கிண்ணத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குசானோவும் ஒரு வாய் குடித்தால் என்ன என்று இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"எங்க ஊர்ல எப்படின்னு காட்டறேன், இருங்க" என்று பஸ்தியான் எழுந்தான். தலைத்துணியை அவிழ்த்தான். இடுப்புக் கத்தியை எடுத்து ஓரமாக வைத்தான். ஹன்சுகே முன்னால் மண்டியிட்டு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினான். "நீங்க உங்க ரெண்டு கையால இதை மூடணும். உள்ள இருக்கற கை ஆளோடது. வெளிய மூடுற கை எசமானோடது. நான் உங்க ஆளுன்னு நான் சொல்வேன். காப்பாத்தறேன்னு நீங்க சொல்லணும். கடைசியா வாயில ஒரு முத்தம்."

"எதுல?"

"வாயில."

ஒசென் அடுப்படியிலிருந்து ஓடியே வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தாள். "ஐயோ! நம்ம குசானோ எசமானுக்கு முன்பல்லு ரெண்டும் கிடையாது, எந்நேரமும் முள்ளங்கி ஊறுகாய் வாசம்! நீங்க போய்..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

"சீ, முத்தமெல்லாம் வேணாம். கையோட நிறுத்திக்கோ" என்றான் ஹன்சுகே. சிரிப்பும் சாக்கேயும் தலைக்கேறியிருந்தன. பஸ்தியானின் கைகளைத் தன் கைகளால் மூடினான். அவன் "நான் உங்க ஆளு" என்றான். இவன் பெரிய பிரபு மாதிரி குரலைக் கனமாக்கி, "ஏத்துக்கிட்டேன். காப்பாத்தறேன்" என்றான். ஒசென் கைதட்டினாள்.

கையை எடுக்கப் போனபோதுதான் ஹன்சுகே பார்த்தான். பஸ்தியான் அழுதுகொண்டிருந்தான். விளையாட்டு எங்கேயோ நின்றுபோயிருந்தது.

"இதை விளையாட்டுக்குச் செய்ய முடியாதுங்க" என்றான் அவன். "கையை மூடிட்டா மூடினதுதான்."

மூன்று நாள் ஹன்சுகே யாரோடும் சரியாகப் பேசவில்லை. வேறு யாராவது என்றால், குடிபோதை என்று சொல்லித் தோளைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவனுக்கு அது வராது. சொல்லிவிட்டான், சொன்னது அவன் வாய். நாலாம் நாள் குசானோவிடம் போனான்.

"எனக்கு ஒரு ஆளு வச்சுக்கலாம்னு..."

"உனக்கு எதுக்குடா ஆளு? நீயே ஆளு" என்றார் குசானோ. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வச்சுக்கோ. சோறு நீதான் போடணும், என்கிட்ட வராதே" என்றார்.

கோயிலில் காக்கைக் காகிதம் வாங்கி வந்தான். நம் முறையிலும் நடக்கட்டும், பாதியில் நிற்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தான். பஸ்தியான் தன் சாமிக்கு ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, விரலைக் கீறி ரத்தம் வைத்தான். காகிதத்தைக் கொளுத்திச் சாம்பலைக் கரைத்தார்கள். அவன் பாதி குடித்ததும் ஹன்சுகே கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கி மீதியைத் தான் குடித்தான். எங்கள் நாட்டில் எசமானாக இருக்கிறவன் அந்தத் தண்ணீரைக் குடித்து நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒசென் பார்த்துக்கொண்டே இருந்தாள், கேலி எதுவும் வரவில்லை.

ஊர் விட்டுவிடுமா? குசானோ வீட்டு அணிவகுப்பில் பஸ்தியான் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, ஹன்சுகே நொண்டிக்கொண்டு முன்னால் நடந்தபோது, "மறுஆளுக்கு ஒரு மறுஆளு டோய்" என்று வேலிக்கு வேலி கத்தினார்கள். ஹன்சுகே கழுத்தைத் திருப்பவில்லை. அவன் நடையில் ஒரு மெதுமை வந்திருந்தது, பின்னால் வருகிறவனுக்காக நடக்கிற மெதுமை. எனக்கு அது பிடித்திருந்தது.

கறுப்புக் கப்பல் இந்த வருஷம் திரும்பி வந்தது. வரும்போதே ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. கலப்பத்துக்காரன் வழியில் செத்துப்போய்விட்டானாம், அடிப்பலகையில் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. பஸ்தியான் உயிரோடு இருக்கிறான் என்று துறைமுகத்தில் யாரோ சொல்ல, கப்பித்தான் நேராக மாளிகைக்கு வந்துவிட்டான். அவன் என் கப்பல் ஆள், கரையில் ஒளிந்துகொண்டு ஓடிப்போனவன், கொடுங்கள் என்று கேட்டான். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு அந்தக் கப்பலில்தான் வருகிறது. கப்பித்தான் முகம் சுளித்தால் அடுத்த வருஷம் கப்பல் பக்கத்துக் குடாவுக்குப் போய்விடும். ஓனோயே பிரபு ஒரு நொடி யோசித்திருப்பார் என்றுகூடச் சொல்ல முடியாது. குசானோவுக்கு ஆள் போயிற்று.

சேதி வந்தபோது பஸ்தியான் படகுக்கடியில் படுத்துக் கீல் பூசிக்கொண்டிருந்தான். எழுந்து வந்து, "போனா என்னைக் கப்பல் அடித்தட்டுல சங்கிலி போட்டு வச்சுடுவாங்க, ஏங்க" என்று மட்டும் சொன்னான். தன்னைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹன்சுகேக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை. கூடத்தின் மேடையில் ஓனோயே பிரபு. இரண்டு பக்கமும் வரிசையாக மற்றப் பதினேழு வீட்டுக்காரர்கள். முக்காலி போட்டுக் கப்பித்தான், இடுப்பில் சுற்றிய சாட்டையோடு. அவன் பக்கத்தில் மொழிபெயர்க்கத் துறைமுகத்துத் தோமே. தாழ்வாரத்து விளிம்பில் குசானோ. கீழே, வெள்ளைக் கூழாங்கல் முற்றத்தில் ஹன்சுகே மண்டியிட்டிருந்தான். அவனுக்கு ஒரு முழம் பின்னால் பஸ்தியான்.

"குசானோ," என்றார் பிரபு, "அந்த வெளிநாட்டானைக் கப்பித்தான்கிட்ட ஒப்படைக்கச் சொல்லு."

குசானோ திரும்பினார். "பஸ்தியானைக் கப்பித்தான்கிட்ட ஒப்படைக்கணும்னு எசமான் சொல்றாரு."

"முடியாதுங்க" என்றான் ஹன்சுகே.

குசானோவின் கழுத்தில் வேர்வை வழிந்தது. பிரபு பக்கம் திரும்பி, "கொஞ்சம் அவகாசம் வேணுங்கறான், எசமான்" என்றார்.

"நான் அவகாசம் கேக்கலைங்க. முடியாதுன்னேன்."

கூடம் முழுக்கக் கேட்டது. பிரபுவுக்கும் கேட்டது. ஆனால் முறைப்படி அவருக்கு இன்னும் கேட்கவில்லை, அதனால் கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றான்?"

"முடியாதுங்கறான், எசமான்." தானே எதையோ திருடிவிட்ட மாதிரி இருந்தது குசானோவின் குரல்.

"ஏனாம்?"

ஹன்சுகே சொன்னான். கையை மூடியதைச் சொன்னான், காகிதத்தைக் கொளுத்தியதைச் சொன்னான். ஒவ்வொரு வாக்கியமாகக் குசானோ மேலே ஏற்றினார். சாம்பல் தண்ணீரில் பாதியைத் தானும் குடித்ததாக ஹன்சுகே சொன்னபோது மட்டும் குசானோ திரும்பாமல் அவனையே பார்த்தார். பிறகுதான் அதைச் சொன்னார். வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது.

பிரபு கப்பித்தானைப் பார்த்தார். "தோமே, கேளு. கையைச் சேர்த்து மூடறது அவங்க ஊர்ல நிஜமாவே உண்டா?"

கப்பித்தான் முதலில் சிரித்தான். கலப்பத்து அடிக்கிறவனுக்கு அந்தச் சடங்கெல்லாமா என்றான். பிறகு, உண்டு, என் தாத்தா அப்படித்தான் நிலம் வாங்கினார் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

"அப்ப அவங்க ராஜா, தன் ஆளோட ஆளை நேராக் கூப்பிட்டு ஒண்ணைச் செய்னு சொல்லலாமா?" என்றார் பிரபு.

தோமே கேட்டான். கப்பித்தான் சாட்டையைத் தடவினான். பொய் சொல்லலாம், ஆனால் தாத்தாவின் பெருமையைப் பேசிவிட்டு அடுத்த மூச்சிலேயே பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை போலிருக்கிறது.

"பழைய நாள்ல முடியாதுங்கறார்" என்றான் தோமே. "ஆளோட ஆளு ராஜாவுக்கு ஆளு இல்லையாம். நடுவுல இருக்கற பிரபு வழியாத்தான் போகணுமாம்."

வரிசையில் ஒரு கிழவர் தொடையைத் தட்டிவிட்டார். "அட, கடலுக்கு அந்தப் பக்கமும் நம்ம முறைதானா!"

பதினேழு பேரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். இன்றைக்குக் குசானோவின் ஆளைத் தாண்டிப் பிரபுவின் கை உள்ளே போனால், நாளைக்குத் தங்கள் வீட்டுக்குள்ளும் போகும். ஓனோயே பிரபு முட்டாள் இல்லை. அந்த நிமிர்வை அவர் பார்த்துவிட்டார். வேறு வழியில் வந்தார்.

"குசானோ, உன் ஆளு நல்ல ஆளு. எனக்குக் கொடுத்துடு. நேர் ஆளா வச்சுக்கறேன். மேல்பள்ளத்தாக்குல வயலு. இந்தக் கூடத்துல, அந்தா அந்தக் கடைசிப் பாய் அவன் இடம். இன்னிக்கே ஏட்டுல பேரை எழுதி வாசிக்கச் சொல்றேன். வெளிநாட்டானை மட்டும் விட்டுடட்டும்."

குசானோ இதைக் கீழே இறக்கியபோது அவர் குரல் உடைந்திருந்தது. ஹன்சுகே அந்தக் கடைசிப் பாயைப் பார்த்தான். பார்க்காமல் எப்படி இருப்பான்? பச்சை விளிம்பு போட்ட பாய். கூழாங்கல்லில் பதினாறு வருஷம் மண்டியிட்ட கால், அம்பு வாங்கிய கால், கூடத்துக்குள் ஏற வேண்டிய கால். ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தூரிகையை மையில் தோய்த்தவர்கூடத் தயாராக இருந்தார். பின்னால் பஸ்தியானின் மூச்சு கேட்டது. அவன் கைகள் எங்கே இருக்கின்றன என்று ஹன்சுகேக்குத் திரும்பாமலே தெரிந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்துத் தொடைமேல் வைத்திருப்பான். மூடுவதற்கு ஆள் இல்லாத கைகள்.

பிரபு முன்னால் சாய்ந்தார். குசானோவைப் பார்க்கவில்லை. முற்றத்தையே பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஹன்சுகே."

வரிசையில் இருந்த தலைகள் எல்லாம் முற்றத்தின் பக்கம் திரும்பின.

"நான் கேக்கறேன். நீயே சொல்லு."

நேராகப் பதில் சொன்னால் போதும். 'எசமான்' என்று ஆரம்பித்தாலே போதும், அந்த நிமிஷத்திலிருந்து அவன் பிரபுவின் ஆள். பிறகு பிரபு சொன்னதைத் தட்ட முடியாது. நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள், குசானோ இருக்க மாட்டார். பஸ்தியானுக்கும் பிரபுவின் கைக்கும் நடுவில் ஹன்சுகேயும் இருக்க மாட்டான். இவ்வளவையும் அவன் யோசித்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் கண் நிறைந்திருந்தது, அதை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

ஹன்சுகே பிரபுவுக்குப் பதில் சொல்லவில்லை. மண்டியிட்டபடியே உடம்பைத் திருப்பிக் குசானோவைப் பார்த்துக் குனிந்தான். நெற்றி கல்லைத் தொட்டது.

"எசமான்கிட்ட சொல்லுங்க. நான் குசானோ வீட்டு ஆளு. இவன் என் ஆளு. காப்பாத்தறேன்னு சொல்லிக் கையை மூடிட்டேன். தொறக்க மாட்டேன்."

இப்போது எல்லாரும் பார்த்தது குசானோவை. பூவும் பொட்டும் வைக்கிற மனுஷர். ஒரு சொல்லை மாற்றினால் போதும், 'யோசிக்கறானாம்' என்றோ 'சம்மதிக்கறானாம்' என்றோ சொன்னால் போதும், அதுதான் முறைப்படி ஹன்சுகேயின் பதிலாகிவிடும். தன் வீடு, தன் வயல், பதினெட்டில் பதினேழாவது இடம், எல்லாம் அந்த முன்பல் இல்லாத வாய்க்குள் இருந்தது.

குசானோ தொண்டையைச் செருமினார். பிரபு பக்கம் திரும்பினார்.

"நான் குசானோ வீட்டு ஆளு. இவன் என் ஆளு. காப்பாத்தறேன்னு சொல்லிக் கையை மூடிட்டேன். தொறக்க மாட்டேன்." பிறகு தன் சொல்லையும் சேர்த்தார். "அவன் சொன்னது இதுதான், எசமான். நான் எதையும் மாத்தலை. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

ஏட்டின் முன் இருந்தவர் தூரிகையைத் துடைத்து வைத்தார். ஓனோயே பிரபு நெடுநேரம் குசானோவையும் ஹன்சுகேயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கப்பித்தான் பக்கம் திரும்பினார்.

"தோமே, சொல்லு. என்னுதா இருந்தா எடுத்துக் கொடுத்திருப்பேன். அவன் என்னுது இல்லை."

கப்பித்தான் குதித்தான். கப்பல் மூழ்குகிறது, யார் அடைப்பார்கள் என்றான். நியாயமான கேள்விதான். பிரபு தாடையைத் தடவினார். அவர் அடுத்துச் சொன்னதில் ஒரு சொல் மாறியிருந்தது.

"குசானோ, உன் ஆளுகிட்டக் கேளு. அவன் ஆளு கப்பலை அடைச்சுக் கொடுப்பானான்னு கேளு."

சொல்லு என்று சொல்லவில்லை, கேளு என்றார்.

குசானோ திரும்பினார். முகத்தில் வேர்வை காயவில்லை, ஆனால் குரல் கணீரென்று வந்தது. "ஹன்சுகே, உன் ஆளு கப்பலை அடைச்சுக் கொடுப்பானான்னு எசமான் கேக்கறாரு."

அதுவரை மேலே இருந்து வந்த எந்தச் சொல்லும் ஹன்சுகேயோடு நின்றுபோகும். வாய்க்காலின் கடைசி வயல் அவன்தான். இன்று அவனுக்கும் அப்பால் ஒரு வயல் இருந்தது. அவன் மெதுவாகப் பின்னால் திரும்பினான்.

"பஸ்தியான், கேக்கறாங்க. இஷ்டம் இருந்தா செய். இல்லைன்னா இல்லைன்னு சொல்றேன்."

பிரபு காத்திருந்தார். வரிசையில் இருந்த வீட்டுக்காரர்களும் காத்திருந்தார்கள். ஒரு கப்பல் முழுக்கக் காத்திருந்தது.

"ஏங்க," என்றான் பஸ்தியான். வரிசையில் இரண்டு பேர் இருமிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்கள். "அஞ்சு நாள்ல அடைச்சுடறேன். நீங்க பக்கத்துல நிக்கணும். அந்தச் சாட்டை கப்பல்ல இருக்கக் கூடாது."

ஹன்சுகே அதைக் குசானோவிடம் சொன்னான். குசானோ பிரபுவிடம் சொன்னார். ஓனோயே பிரபு அதைத் தன் வாயால் தோமேயிடம் சொன்னார். தோமே கப்பித்தானிடம் சொன்னான். நாலு வாய் மாறியும் சாட்டை என்ற சொல் மெலியவில்லை. கப்பித்தான் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். இடுப்பிலிருந்து அதை அவிழ்த்துத் தாழ்வாரப் பலகைமேல் வைத்தான்.

குசானோ தலையசைத்தார். ஹன்சுகே கெட்ட காலை ஊன்றி எழுந்தான். அவன் முழுக்க நிமிர்ந்து நின்ற பிறகுதான் பஸ்தியான் எழுந்தான்.